ஒரே தொட்டி

அம்மா எழுந்ததும் சொல்லிவிடுவது என்று சுகிர்தா முடிவு பண்ணிவிட்டாள். முடிவு பண்ணுவதில் அவளுக்கு எந்தக் காலத்திலும் கஷ்டம் இருந்ததில்லை. ப்ளஸ் ஒன் பாதியில் புத்தகப் பையைத் தூக்கிப் பரணில் போட்டதுகூட ஒரு இட்லி தின்று முடிப்பதற்குள் பண்ணின முடிவுதான். அதற்காக இன்றைக்கு வரை ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை; படிப்பு வரவில்லை, வராததை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க அவளால் ஆகாது. இப்போது சொல்ல வேண்டியதும் ஒன்றும் நீளமில்லை. நீ தடுப்ப எடுத்தே, அதனாலதான் சின்னவ இப்படிக் கெடக்கா. அவ்வளவுதான், ஒரே மூச்சு. ஆனால் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்விட்டு வந்து, மத்திக் குழம்பு வைத்து, தின்று, பாத்திரம்கூடக் கழுவாமல் அப்படியே தரையில் சாய்ந்தவள். வாரம் பூரா எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பிசிறு வெட்டுகிறவளுக்கு இந்தத் தூக்கம் ஒன்றுதான் சம்பளத்துக்கு மேலே கிடைப்பது. வலது கையை நீட்டிப் போட்டிருந்தாள். அந்தக் கை விழுந்திருந்த இடம் சுகிர்தா படுக்க வேண்டிய இடம். தூக்கத்திலேயே ஆள் கணக்கு எடுக்கிற கை அது. பக்கத்தில் ஆள் இல்லையென்றால் தரையைத் தடவும், இப்போதும் தடவியது. தடவட்டும். எழுப்பிச் சொல்லலாம்தான். எழுப்பினால் என்னாடி யாருக்கு என்னாடி என்று அலறிக்கொண்டு எழுவாள், அந்தப் பதற்றம் அடங்குவதற்குள் விஷயம் எங்கேயோ போய்விடும். தானாக எழட்டும். டீ போடுகிற நேரத்துக்கு எழுந்துவிடுவாள். அதற்குள் சின்னவள் ஒரே ஒரு புழுவாவது தின்றுவிட்டால் சொல்கிற குரல் கொஞ்சம் இறங்கும், தின்னாவிட்டால் இறங்காது. எப்படியும் சொல்லத்தான் போகிறாள்.

சின்னவள் தொட்டியின் இடது ஓரத்தில், கண்ணாடிக்கும் கொட்டாங்குச்சிக்கும் நடுவில் இருக்கிற சந்தில், தன்னைத் தானே திணித்துக்கொண்டு கிடந்தாள். கொட்டாங்குச்சிக்குள்ளே போய்ப் படுக்க வேண்டியதுதானே, அதற்காகத்தானே அதில் வாசல் வெட்டி, வாசலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறது. போகவில்லை. உள்ளே போனால் வாசலில் எவனாவது வந்து நின்றால் வெளியே வர வேறு வழி இல்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது போல. லெபர்ட் கெக்கோ. இந்த ஹவுசிங் போர்டு வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்கள் எல்லாரும் பல்லி பல்லி என்றுதான் சொல்கிறார்கள், எத்தனை தடவை சொல்லியும் யாருக்கும் ஏறவில்லை. சுவரில் ஏறத் தெரியாத பல்லி, இமை இருக்கிற பல்லி, தூங்கும்போது மனுஷி மாதிரி கண்ணை மூடிக்கொள்ளும். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி. எல்லாச் சேமிப்பும் வாலில்தான்; நன்றாகத் தின்றால் வால் உருண்டு கேரட் மாதிரி நிற்கும், தின்னாமல் பயந்து கிடந்தால் வாலிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கும். சுகிர்தா இரண்டு வாரத்துக்கு முன்னால் திண்டிவனத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது சின்னவளுக்குக் கேரட் இருந்தது. இப்போது இருப்பது கொத்தவரங்காய். பின்கழுத்தில் அரைவட்டமாகப் பல் பதிந்து, காய்ந்து, பொருக்குத் தட்டியிருந்தது. அந்தப் பொருக்கைப் பார்க்கும்போதெல்லாம் சுகிர்தாவின் கை தானாகத் தன் பிடரிக்குப் போய், வியர்வையில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கி, அங்கே ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பியது. ஒன்றுமில்லைதான். அங்கே ஏன் இருக்கப்போகிறது. ஆனால் கை மறுபடியும் போனது.

மனசு கேக்கலயாம். காலையில் திண்டிவனத்து பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டியைப் பார்த்தவள், என்னாம்மா தடுப்பு எங்க என்று கேட்டதற்கு அம்மா சொன்ன பதில் அதுதான். முக்காட்டுத் துணியைத் தேடிக்கொண்டே, பூசைக்கு மணி அடித்துவிட்ட அவசரத்திலேயே சொன்னாள். "அதுவா, எடுத்துட்டேன்டி. பாத்ரூம் பக்கம் சாத்தி வெச்சிருக்கேன் பாரு. பாவம், ராவெல்லாம் பெருசு கண்ணாடிய சொரண்டிக்கினே கெடக்குது. அந்தாண்ட இது ஒண்டியா படுத்துனுகீது. மனசு கேக்கல. ஒண்ணா வுட்டேன், இப்ப பாரு, சத்தமே இல்ல." சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். சத்தமே இல்லையாம். ஆண் கெக்கோ, பெரியவன், தொட்டியின் நடுவில், சூடு வருகிற ஓட்டின் மேல், வயிற்றைப் பரப்பிக்கொண்டு, வீட்டு வாடகை கட்டுகிறவன் மாதிரி கிடந்தான். அப்போதுதான் சுகிர்தா சின்னவளைத் தேடினாள், தேடித்தான் அந்தச் சந்தைப் பார்த்தாள், கையில் எடுத்துத்தான் கழுத்தைப் பார்த்தாள். அதற்குள் அம்மா மாதா கோயிலுக்குப் போய் முழங்கால் போட்டிருப்பாள். தடுப்பை ஓடிப்போய் எடுத்து வந்து, நடுவில் சொருகி, பெரியவனை வலது பக்கம் தள்ளிவிட்டு, தராசை எடுத்துச் சின்னவளை வைத்துப் பார்த்தாள். நகைக்கடைக்காரன் வைத்திருக்கிற மாதிரி குட்டித் தராசு. முப்பத்தஞ்சு கிராம்கூட இல்லை. போகும்போது இருந்ததைவிடக் குறைச்சல். ஒரு பொண்ணு முட்டை விடுகிற வயசுக்கு வரணும் என்றால் ஒரு வருஷமாவது முடியணும், உடம்பு ஐம்பதையாவது தொட்டிருக்கணும், அதற்கப்புறம்தான் ஆணைப் பக்கத்தில் விடுகிற பேச்சே. அதுவும் குடித்தனம் வைக்க இல்லை. விட்டு, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்து, காரியம் ஆனதும் பிரித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அவன் சும்மா இருக்க மாட்டான். துரத்துவான், கவ்வுவான், சூடான இடத்தைப் பிடித்துக்கொள்வான். சூடு கிடைக்காவிட்டால் இவளுக்குத் தின்றது செரிக்காது, செரிக்காவிட்டால் தின்ன மாட்டாள். இதெல்லாம் சுகிர்தாவுக்கு ஒழுங்காகத் தெரியும், கெமிஸ்ட்ரியை விட நன்றாகவே தெரியும். அம்மாவுக்கும் சொல்லிவிட்டுத்தான் போனாள். தண்ணி தெளி, புழுவை டப்பா மூடியில போடு, தடுப்பத் தொடாத. மூன்றே மூன்று வேலை. முதல் இரண்டையும் அம்மா பிசகாமல் செய்திருக்கிறாள்.

ஃபேன் டக் டக் என்று ஒரு பக்கமாக இழுத்துச் சுற்றியது. கீழே யாரோ தண்ணி லாரி ஹோஸைத் தரையில் இழுத்துப்போகிற சத்தம். அம்மாவின் வாயோரத்தில் மீன் குழம்பு மஞ்சள் லேசாக ஒட்டியிருந்தது. மனசு கேக்கல. இந்த வீட்டில் எதற்குமே அம்மாவுக்கு மனசு கேட்டதில்லை, தனியாக இருக்கிற எதைப் பார்த்தாலும் கேட்காது. ஒரே ஒரு செருப்பு தனியாகக் கிடந்தால் அதன் ஜோடியைத் தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் படுப்பாள். அம்மை போட்டு சுகிர்தா கிடந்தபோது டாக்டர் சொல்லியும் கேட்காமல் ஒரே போர்வைக்குள்ளே வந்து படுத்துக்கொண்டாள், அவளுக்கும் வந்தது. ஒன்பதாவதில் வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று கணக்கு டீச்சர் சுகிர்தாவைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தாள். தண்டனையாம். சுகிர்தாவுக்கு அது தண்டனையாகவே தெரியவில்லை, உண்மையைச் சொன்னால் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே நன்றாக இருந்தது அந்த ஒரு மாசம்தான். ஜன்னல் பக்கம், முழு பெஞ்சும் அவளுக்கு, காலை நீட்டலாம், முழங்கையை அகட்டலாம், பக்கத்தில் யாரும் மூச்சு விடவில்லை, வெளியே முருங்கை மரத்தில் ஓணான் தலையாட்டுவதைப் பாடம் முடிகிற வரை பார்க்கலாம். அதை வீட்டில் வந்து வாய்தவறிச் சொன்னதுதான் தப்பாகிவிட்டது. மறுநாளே அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, டீச்சர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, "புள்ளய எல்லார் கூடவும் ஒக்கார வைங்க டீச்சர், தனியா வுடாதீங்க, ஏங்கிப் போயிடும்" என்று அழாத குறையாகக் கேட்டு, திரும்ப மூன்று பேர் பெஞ்சில் நாலாவதாகத் திணித்துவிட்டுப் போனாள். ஏங்கிப் போயிடுமாம். அம்மா படியிறங்கிப் போனபோது முதுகில் எவ்வளவு நிம்மதி. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியவில்லை. அப்புறம் போன வருஷம் சுகிர்தா வீட்டு மூலையில் ஒரு கயிறு கட்டி, பழைய ஜன்னல் ஸ்கிரீனைத் தொங்கவிட்டு, இது என் இடம் என்றாள். அம்மா சண்டை ஒன்றும் போடவில்லை. தினமும் படுக்கப் போகும்போது அந்தத் துணியைச் சுருட்டிக் கயிற்றுக்கு மேலே போட்டுவிட்டு, காத்து வரலடி என்பாள். அவ்வளவுதான் அவள் சண்டை.

தடுப்பின் அந்தப் பக்கம் பெரியவன் எழுந்துவிட்டான். சாயங்காலம் கிட்டே வந்தால் இவன் இப்படித்தான், எழுவான், ஒரு சுற்று நடப்பான், நேராகத் தடுப்புக்கு வருவான். தடுப்பு என்றால் என்ன, போர்டு எழுதுகிற கடையில் மிச்சம் விழுந்த பி.வி.சி. துண்டு, ஒரு பக்கம் பாதிப் பல் சிரிப்போடு ஏதோ பல் டாக்டர் விளம்பரம். தொட்டி அகலத்துக்குச் சரியாகத்தான் வெட்டினாள், ஆனால் அடியில் மணல் பக்கம் ஒரு விரல்கடை இடைவெளி நிற்கிறது. அந்த இடைவெளியில் பெரியவன் மூக்கை வைத்தான். நாக்கை நீட்டி மணலை ஒரு நக்கு, தடுப்பை ஒரு நக்கு. அப்புறம், பெண் வாசனை பிடித்த ஆணுக்கு ஆகிற மாதிரி, வால் நுனி மட்டும் படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது, காய்ந்த விதை குலுங்குகிற மாதிரி மெல்லிசாக ஒரு சத்தம். இந்தப் பக்கம் சந்துக்குள் கிடந்த சின்னவள் இன்னும் கொஞ்சம் உள்ளே போனாள். போக இடமே இல்லை, ஆனால் போனாள். தடுப்பு இருக்கிறது, அவனால் தாண்ட முடியாது, தூக்க முடியாது, அப்புறம் எதற்கு இவள் இப்படி ஒடுங்குகிறாள். ஏனென்றால் தடுப்பு என்பது சுகிர்தாவுக்குத்தான் தடுப்பு. இவளுக்கு அவன் இங்கேயே இருக்கிறான். வாசனை அடியில் வருகிறது, சத்தம் மேலே வருகிறது, மணலில் அவன் நடந்த தடம் இவள் பக்கமும் கிடக்கிறது. காலையிலிருந்து புழு மூடியில் நெளிந்துகொண்டே இருக்கிறது, கால்சியம் பவுடரில் புரட்டிப் போட்ட வெள்ளைப் புழு, ஒன்றைக்கூட இவள் திரும்பிப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பாள். ஒரே தொட்டிதானே இது. நடுவில் பல் டாக்டரை நிற்க வைத்துவிட்டால் இரண்டு தொட்டி ஆகிவிடுமா. அம்மா எடுத்தது நூற்றுக்கு நூறு தப்பு, அதில் ஒன்றும் மாற்றமில்லை, சொல்லத்தான் போகிறாள். ஆனால் தடுப்பு இருந்த நாளிலும் அவன் ராத்திரி பூராவும் சுரண்டிக்கொண்டுதான் இருந்தான். தொட்டியின் பக்கமாகத் தலையை வைத்துப் படுக்கிற அம்மாதான் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள், சுகிர்தா காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தூங்கினாள். சரி. அதுவும் உண்மைதான். அதற்காகக் கழுத்துப் பொருக்கு இல்லை என்று ஆகிவிடாது.

கொளத்தூரில் கடை வைத்திருக்கிற ஜாஃபர் அண்ணன்தான் இரண்டையும் கொடுத்தவர். காலையில் மாடிப்படியில் உட்கார்ந்து அவருக்குப் போன் போட்டாள். எடுத்ததுமே சிரித்தார். "என்னா பாப்பா, ஒங்கம்மாவே கல்யாணம் பண்ணி வெச்சிட்டாங்களா?" "சிரிக்காதீங்கண்ணா. பொண்ணு முப்பத்தஞ்சுகூட இல்ல." "ஆனது ஆச்சு, அப்பிடியே வுடு. முட்ட வந்தா எங்கிட்ட கொண்டா." "செத்துடுச்சுன்னா?" "செத்தா வேற எடுத்துக்க. ஒனக்கு இல்லாத பொண்ணா." சுகிர்தா ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் பெரியவர்கள் தானாக வழிக்கு வருவார்கள் என்பது அவள் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட ஒரே உருப்படியான விஷயம். அந்தப் பக்கம் அவர் இருமினார், கூண்டுக் கிளி ஒன்று கத்தியது, அப்புறம் குரலை மாற்றிக்கொண்டு சொன்னார். "சரி சரி, கோச்சுக்காத. ஆம்பளைய வேற ரூமுக்கு மாத்து. இவளுக்குச் சூடு ஃபுல்லா குடு. பவுடர் தெனம். இன்னிக்கு வாய் வெச்சிட்டான்னா பொழச்சுக்குவா. வெக்கலன்னா நாளைக்கு எடுத்துனு வா, தீனியக் கரைச்சு ஊசியால வாயில ஊத்திப் பாப்போம்." வேற ரூமுக்கு மாத்து. அவர் சொன்னதிலேயே பெரிய ஜோக் அதுதான், அவருக்கே தெரியாது. ஒரே ரூம், ஒரு சமையல் கட்டு, குளிக்கிற இடம். அப்பா லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர், அவர் வந்தால் மூன்று பேரும் வரிசையாக. ஆம்பளைக்கு வேற ரூமாம். இன்றைக்கு வாய் வைக்க வேண்டும். வாய் வைக்காவிட்டால். ஊசியில் கரைத்து ஊற்றினாலும் சூட்டுக்குப் போகாதவள் உள்ளே போனதை என்ன பண்ணுவாள். அதுவும் போக உள்ளே முட்டை பிடித்திருந்தால். பிடித்ததா இல்லையா என்று இன்னும் சில வாரம் போனால்தான் வயிற்றுத் தோலில் தெரியும், மெல்லிசான தோலுக்கு அடியில் இரண்டு வெள்ளை நிழல். இந்த உடம்பில் ஓடு கட்டுவதற்குச் சுண்ணாம்பு எங்கிருந்து வரும், எலும்பிலிருந்துதான் வரும். கடைசியில் கால் வளைந்து, தாடை மெத்தென்று ஆகி. போதும். நிறுத்து. முதலில் ஒரு புழு. முட்டையை முட்டை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். அவள் பார்த்துக்கொள்வாள், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் அவள் வீட்டில் இல்லாத நேரத்தைப் பற்றித்தான். புழுவும் பவுடரும் வாங்க நாளைக்கே ஜாஃபர் அண்ணன் கடைக்குப் போக வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் இவன் சுரண்டுவான். அம்மாவுக்கு மனசு கேட்காது. அம்மாவின் கை மறுபடியும் தரையைத் தடவியது, இந்தத் தடவை தடவினது நிற்காமல் சுகிர்தாவின் கணுக்காலைத் தொட்டுவிட்டது, தொட்டதும் அம்மா கண்ணைத் திறந்தாள்.

"தூங்கலயாடி நீ?"

"ம்மா, எழுந்திரு. இங்க வந்து பாரு."

"முகம் கழுவிட்டு வரேன்டி."

"மொதல்ல பாரு." சின்னவளைச் சந்திலிருந்து மெதுவாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். குளிர்ந்து கிடந்தது. "கழுத்தப் பாரு. நீ தடுப்ப எடுத்தே, அதனாலதான் இது. அவன் கடிச்சிருக்கான். இது இன்னும் சின்னது, இதுக்கு முட்ட கிட்ட வந்தா தாங்காது. காலையிலிருந்து ஒண்ணும் தின்னவும் இல்ல."

சொல்லிவிட்டாள். நினைத்ததைவிட நீளமாகிவிட்டது, ஆனால் சொல்லிவிட்டாள். அம்மா தூக்கக் கலக்கத்தோடு குனிந்து பார்த்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். மூக்குத்தி பக்கம் மட்டும் என்னவோ துடித்தது.

"கடிச்சுதா?" என்றாள்.

"பின்ன?"

"நான் பாத்தேன்டி. கழுத்துல கவ்வுனத நானே பாத்தேன். பூன குட்டியத் தூக்குமே, அந்த மாதிரி இருந்துச்சு. எடம் மாத்தி வெக்கிதுன்னு நெனச்சேன்." அம்மா தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதுக்கு முன்னாடி வால வேற ஆட்டுச்சு. நாயி நம்மளப் பாத்து ஆட்டுமே. எவ்ளோ குஷி பாருன்னு மேல் வீட்டு பத்மாவக்கூடக் கூப்ட்டுக் காட்டுனேன்."

சுகிர்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பத்மா ஆண்ட்டி வேறு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். இரண்டு பொம்பளைகள் குனிந்து நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எவ்ளோ பாசம் பாரேன். நாய் இல்லம்மா, பூனையும் இல்ல, இது வேற என்று ஆரம்பிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். அதை அப்புறம் சொல்லலாம். இப்போது பெட்டி வேண்டும்.

"இவன இந்தத் தொட்டியிலயே வெக்கக் கூடாதும்மா. தடுப்பு போட்டாலும் கூடாது. தனிப் பெட்டி, தனி எடம். ஒண்ண ஒண்ணு பாக்கக் கூடாது, மோந்துகூடப் பாக்கக் கூடாது. மூடி இறுக்கமா இருக்கணும்."

அம்மா எழுந்துபோய் டிவி மேஜைக்கு அடியில் இருந்த பெரிய பிளாஸ்டிக் பெட்டியை இழுத்தாள். இரண்டு பக்கமும் கிளிப் வைத்தது, அவளுடைய நல்ல புடவையும் கிறிஸ்துமஸ் ஸ்டாரும் இருக்கிற பெட்டி. கேட்காமலே புடவைகளை எடுத்துப் பாய் மேல் அடுக்கினாள், ஸ்டாரை அதற்கு மேலே வைத்தாள். "இது ஆவுமா பாரு." சுகிர்தா முழம் போட்டுப் பார்த்தாள். "ஆவும். ஓட்ட போடணும்." அம்மா ஸ்க்ரூ டிரைவரை அடுப்பில் காட்டிப் பழுக்கக் காய்ச்சி, மூடியில் வரிசையாகக் குத்தினாள். பிசிறு வெட்டுகிற கை, ஓட்டை ஒவ்வொன்றும் ஒரே இடைவெளியில் விழுந்தது. சுற்றிலும் உருகி நின்ற பிசிறைக்கூட நகத்தால் கிள்ளி எடுத்தாள். பிளாஸ்டிக் கருகுகிற நாற்றத்தில் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணி வந்தது. மணலைக் கொட்டி, ஒரு ஓட்டுத் துண்டு, தண்ணிக் கிண்ணம், பழைய கொட்டாங்குச்சி. சுகிர்தா பெரியவனைப் பிடித்து உள்ளே விட்டாள். அவன் ஒரு சுற்று நடந்துவிட்டுச் சுவரை நக்கினான்.

"சமையக் கட்டுல வெக்கிறேன். ஃப்ரிட்ஜ் பின்னாடி சூடு வரும், போதும் அவனுக்கு."

"அங்க வேணாம்டி."

"வேற எங்க வெக்கிறது?"

"சமையக் கட்டுல வேணாம்." அம்மா பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள், விடவில்லை. "அந்த அண்ணா நகர் வீட்டுல வேலைக்கு இருந்தேன்ல. அப்ப ஒன்ன விடச் சின்ன வயசு. அவங்க எல்லாம் ரூமுக்குப் போயிடுவாங்க. என்ன சமையக் கட்டுல படுக்க வெச்சிட்டு, வெளிய தாப்பா போட்டுடுவாங்க. பூன வந்துடும்னு சொல்லி. ராவுல நானும் கதவ சொரண்டிக்கினுதான் கெடப்பேன். யாருக்குக் கேக்கும்." அவ்வளவுதான் சொன்னாள். அந்த வீட்டைப் பற்றி அவள் எப்போதும் சொல்கிறது ஃப்ரிட்ஜில் இருந்த கேக்கைத் திருடித் தின்ற கதை மட்டும்தான், சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். அந்தக் கேக்குக்குப் பின்னால் இப்படி ஒரு தாழ்ப்பாள் இருப்பது சுகிர்தாவுக்குத் தெரியாது. பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். உள்ளே பெரியவன் கொட்டாங்குச்சியைக் கண்டுபிடித்து, தலையை நுழைத்து, முழுசாக உள்ளே போய், திரும்பிப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டான். மூடி வழியாக அம்மா அதைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"தூங்குதா?"

"தூங்குது. அதுக்குத் தனியா இருக்கறதுதான்மா புடிக்கும். ரெண்டுக்குமே. நாம படுக்கற மாதிரி அதுங்க படுக்காது."

"ஏங்காதா?"

"ஏங்காது. நாளைக்குச் சொரண்டும். ரெண்டு மூணு நாள் சொரண்டும், இவ வாசன போற வரைக்கும். அப்ப நான் இல்லன்னாலும் நீ தொறக்கக் கூடாது. சொல்லு."

அம்மா யோசித்தாள். சும்மா தலையாட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை அவள், முடியாததற்குத் தலையாட்ட மாட்டாள், அது சுகிர்தாவுக்குத் தெரியும், அதனால்தான் சொல்லு என்று கேட்டாள். "தொறக்க மாட்டேன்," என்றாள் கடைசியில். "வெளிய தாப்பா இல்லியே, கிளிப்புதானே. வையி." பெட்டியைச் சமையல் கட்டுக்குத் தூக்கிப் போனதும் அவள்தான். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்து, அடியில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, கிளிப்பை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள்.

சுகிர்தா தடுப்பை உருவி எடுத்தாள். பெரியவன் பக்கத்து மணலை மேலாக வாரி வெளியே போட்டு, புது மணல் தூவி, ஓட்டை ஈரத்துணியால் துடைத்து வைத்தாள். புழு மூடியை ஓட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். சின்னவளை அதே சந்திலேயே விட்டாள்; இழுத்துவந்து சூட்டில் வைத்தால் பயந்துவிடுவாள், தானாக வரணும். தொட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அம்மா டீ டம்ளரோடு வந்து, எப்போதும் போலத் தோளோடு தோள் இடிக்க, முழங்கால் மேல் முழங்கால் ஏற, ஒட்டி உட்கார்ந்தாள். வெளியே பிள்ளைகள் வராண்டாவில் பந்தடிக்கிற சத்தம். வெயில் ஜன்னல் கம்பியிலிருந்து இறங்கிவிட்டது. சின்னவள் அசையவில்லை. டீ ஆறி ஆடை கட்டியது, இன்னும் அசையவில்லை. இன்றைக்கு வைக்க மாட்டாள், நாளைக்கு ஊசிதான், பஸ்ஸில் எப்படி எடுத்துப் போவது, டப்பாவுக்குள் துணி வைத்து, மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் இல்லாமல். அப்போது ஒரு கால் வெளியே வந்தது. அப்புறம் தலை. நாக்கை நீட்டிப் புது மணலை நக்கினாள், நின்றாள், இன்னொரு நக்கு. தடுப்பு இருந்த கோட்டுக்கு வந்ததும் வெகுநேரம் நின்றாள். அதைத் தாண்டினாள். வயிறு தரையில் படாமல், நாலு காலையும் உயர்த்தி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை நின்று, அந்தக் கோடி வரைக்கும் போய்க் கண்ணாடியில் மூக்கை இடித்து, அந்த மூலையிலும் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"அம்மாந்தூரம் ஒண்டியா போய்ட்டு வருது பாரேன்," என்றாள் அம்மா, மூச்சு விடுகிற சத்தத்தில்.

சின்னவள் ஓட்டின் மேல் ஏறி, வயிற்றை ஒட்ட வைத்து, பின்னங்கால் இரண்டையும் பின்னால் நீட்டிப் போட்டு, உடம்பு பூராவையும் சூட்டுக்குக் கொடுத்துக் கண்ணை மூடினாள். அப்படியே கிடந்தாள். மூடியில் ஒரு புழு நெளிந்து சரசரத்தது. ஒரு கண் திறந்தது. தலை மட்டும் திரும்பியது, வால் நுனி ஒரு தடவை அசைந்தது, அடுத்த நொடி வாயோரத்தில் வெள்ளைப் பவுடர் ஒட்டியிருந்தது, தொண்டை மேலும் கீழும் போனது.

அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு, தரையில் கையை ஊன்றி, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விழுந்தது. அங்கிருந்தே எட்டிப் பார்த்தாள்.